சுங்கை சிப்புட் (மலேசியா, பேராக்): வேலைக்குப் போகும்போது பாப்பாவுக்குத் தாய்ப்பால்

கேள்வி: ஜொகூரிலிருந்து மாறி வந்திருக்கோம். பாப்பாவுக்கு ரெண்டரை மாசம். 98 நாள் பேறுகால விடுப்பு முடியப் போகுது. பக்கத்து வீட்டு ஆயாகிட்ட விடணும். பால் எடுத்து வெச்சா எவ்வளவு நேரம் தாங்கும்? தடுப்பூசி எங்கே போடலாம்?

பதில்: தங்கச்சி, 25 டிகிரியில 4 மணி நேரம், குளிர்பெட்டியில 4 நாள். ஆனா தகரக் கூரை வீட்டுல மத்தியானம் 30 தாண்டும், வெளியே வைக்காதீங்க. ஐஸ் பேக் போட்ட பையில கொண்டுபோய், குளிர்பெட்டியின் உள்பக்கம் வைக்கச் சொல்லுங்க. கதவுத் தட்டு வேணாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும். 60, 90 மில்லியா பிரிச்சு, தேதி எழுதுங்க. குடிச்சு மிச்சமானதை 2 மணி நேரத்துல கொட்டிடணும்.

பதில்: ஆயாகிட்ட முக்கியமா சொல்லுங்க: அடுப்புல காய்ச்சக்கூடாது, மைக்ரோவேவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணிக் கிண்ணத்துல போத்தலை நிறுத்தினா போதும். மேலே மஞ்சளா கொழுப்பு ஒதுங்கி நிக்கும். கெட்டுப்போச்சுன்னு நினைச்சு கொட்டிடுவாங்க, பாவம். மெதுவா சுழற்றினா கலந்திடும்.

பதில்: ஊசிக்கு பிள்ளையோட சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு இங்குள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போங்க. ஆறு நோய்க்கான கூட்டு ஊசி 2, 3, 5 மாசத்துல, அப்புறம் 18ல. 3ஆம் மாசத்து ஊசியை வேலைக்குச் சேருமுன்னயே முடிச்சிடுங்க. அன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம்.