செங்டுவில் சீன மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு

செப்டம்பர் சேர்க்கைக்கு வந்து இறங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். நான் இங்கே, சிச்சுவான் மாகாணத் தலைநகரில், நான்காம் ஆண்டு. விசா, சாப்பாடு, கிளினிக் என்று ஆளுக்கொன்றாகக் கேட்கிறீர்கள், மொத்தமாக எழுதிவிடுகிறேன். முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகித வேலை. வந்த 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். நேராக விடுதிக்குப் போனால் விடுதி அலுவலகத்திலேயே வழி சொல்வார்கள். தெரிந்த அண்ணன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள், அந்த முகவரிக்கும் பதிவு வேண்டும். நீண்ட காலப் படிப்புக்கான எக்ஸ்1 விசா என்றால் 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாக வேண்டும். ஊரில் எடுத்த உடற்பரிசோதனை அறிக்கையின் அசல் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் ரத்தம் கொடுப்பதிலிருந்து எல்லாம் மறுபடியும்.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் இங்குள்ள இணையத்தில் திறக்காது. இன்னும் கிளம்பாதவர்கள் அம்மா அப்பா போனில் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியைப் போட்டு, பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புதுக் கணக்கு திறக்கும்போது ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று பெரும்பாலும் கேட்கும். ஊர் சிம்மில் ரோமிங் இருந்தால் வாட்ஸ்அப் ஓடும், காசும் ஓடும். பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளை இணைக்கலாம், முதல் வாரத்தை அதை வைத்தே ஓட்டிவிடலாம்.

சாப்பாடு. கேண்டீனில் மதியம் பதினொன்றரைக்கே கூட்டம் கூடிவிடும், இரவுச் சாப்பாடு ஐந்து மணிக்கு. ஒன்பது மணிக்குப் பசிக்கும் வயிற்றோடு வந்திருப்பீர்கள். ஏழு மணிக்கு மேல் போனால் ஆறிப்போன மிச்சம்தான். சிச்சுவான் காரம் நமக்குப் பெரிய விஷயமில்லை, நாக்கை மரக்க வைக்கும் ஹுவாஜியாவ் என்ற சிச்சுவான் மிளகு மட்டும் கொஞ்ச நாள் படுத்தும். சைவக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள், மாப்போ தோஃபுவில் கொத்துக்கறி கிடக்கும். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கறித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதையே நீட்டுவார்கள். கறி, கொழுப்பு, கோழித்தூள் மூன்றையும் தனித்தனியாக மறுக்கும் ஒரு வாக்கியத்தைச் சீன எழுத்தில் போனில் வைத்திருந்து காட்டுங்கள். சுத்த சைவம் வேண்டுமென்றால் வென்ஷு மடாலய உணவகம் இருக்கிறது. துவரம்பருப்பும் சாம்பார் பொடியும் தாவோபாவ் இணையக் கடையில் கிடைக்கும். கறிவேப்பிலை கிடைத்தாலும் காய்ந்ததுதான்.

இண்டக்ஷன் அடுப்பு, வெந்நீர் போடும் ராடு இரண்டையும் பெட்டியில் வைக்காதீர்கள். விடுதி அறையில் அதிக மின்சாரம் இழுக்கும் சாமானுக்கு அனுமதி கிடையாது, சோதனையில் எடுத்துப் போய்விடுவார்கள். அரசு செலவில் குளிர்காலச் சூடேற்றம் சின்லிங் மலை, ஹுவாய் ஆற்றுக் கோட்டுக்கு வடக்கே மட்டும்தான். நாம் தெற்கே. ஜனவரியில் ஐந்தாறு டிகிரிதான், ஆனால் ஈரக்குளிர், அறைக்குள்ளும் விடாது. பெய்ஜிங்கில் படிக்கும் நண்பன் பனிக்கு நடுவே அறையில் டீ-ஷர்ட்டோடு உட்கார்ந்து வீடியோ காலில் வெறுப்பேற்றுவான், சகித்துக்கொள்ளுங்கள்.

இனி படிப்பு. சேர்வதற்கு எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை போதும் என்றார்கள், சரி. அது கடையில் பேரம் பேசத்தான் காணும். முதல் ஆண்டிலேயே மருத்துவப் பழஞ்சீனம் தனிப் பாடமாக வந்து உட்காரும். ஹுவாங்டி நெய்ஜிங், ஷாங்ஹான் லுன் போன்ற மருத்துவ நூல்கள் எல்லாம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழைய நடை, உள்ளூர் மாணவர்களே திணறுவார்கள். அதனால் அங்கே நீங்கள் பின்தங்குவதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டிய இடம் கிளினிக். நோயாளிகள் பேசுவது சிச்சுவான் வட்டார வழக்கு. தலைவலிக்குக்கூடப் பாடநூலில் இல்லாத சொல்லைத்தான் சொல்வார்கள். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து போய்க்கொண்டே இருப்பார், உங்கள் நோட்டு காலியாகவே இருக்கும்.

இதற்கு எனக்கு உதவியது, நோயாளியிடம் கேட்க வேண்டியதை வரிசையாகச் சொல்லும் பத்துக் கேள்விப் பாட்டு. மிங் அரச வம்சக் காலத்து மருத்துவர் ஜாங் ஜிங்யுவே வகுத்தது, பின்னால் வந்தவர்கள் திருத்தியது. முதலில் குளிரும் காய்ச்சலும், அடுத்து வியர்வை, பிறகு தலையும் உடம்பும், நான்காவது மலம் சிறுநீர், ஐந்தாவது சாப்பாடு, அப்புறம் நெஞ்சும் வயிறும் என்று போகும். ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை ஒட்டித்தான் கேட்பார்கள். பாட்டு மனப்பாடம் என்றால் நோயாளியின் பேச்சு பாதி புரியாவிட்டாலும் இப்போது எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது பிடிபடும், மீதியை ஊகிக்கலாம். மருந்துக் கலவைகளையும் பாட்டாகத்தான் மனப்பாடம் செய்வார்கள். சித்த மருத்துவப் பாடல் காதில் விழும் வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாக இருக்காது.

சரக்குகளும் அப்படித்தான். குய்ஜி தாங் கஷாயத்தில் ஐந்தே சரக்கு: லவங்கப்பட்டை இனத்து மரக்குச்சி, பியோனி வேர், இஞ்சி, இலந்தை இனத்துப் பழம், அதிமதுரம். பாதிக்கு மேல் நம் நாட்டு மருந்துக்கடையில் பார்த்த முகங்கள். அதற்காகத் துணிச்சலாகக் கைவைத்துவிடாதீர்கள். இந்த மாகாணத்தின் ஜியாங்யோவில் விளையும் ஃபூஸி, நம் ஊர் நாவியின் இனம், நஞ்சு. பக்குவம் செய்ததையே முதலில் தனியாக நெடுநேரம் கொதிக்க வைத்த பிறகுதான் மற்றச் சரக்கைச் சேர்ப்பார்கள்.

நாடியிலும் ஓர் எச்சரிக்கை. இங்கேயும் மூன்று விரல் வைப்பதால் வாதம், பித்தம், கபம் என்று மனசு தானாக ஓடும். இங்கே கணக்கு வேறு: ஒவ்வொரு விரலுக்கும் அடியில் ஓர் உறுப்பு, இரு கைக்கும் வேறு வேறு, பாடநூலில் நாடி வகை 28. இரண்டையும் குழப்பி விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும். ஒப்பிடும் ஆசை இருந்தால் ஆய்வுக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நல்ல வரவேற்பு உண்டு.

சில்லறை விஷயங்கள். நாக்கைப் பார்த்து நோய் அறியும் வகுப்புக்கு முன் காபி குடிக்காதீர்கள், படிந்த நிறத்தை வைத்து வகுப்பே கேலி செய்யும். சூட்டுச் சிகிச்சைக்கு எரிக்கும் மோக்சா மூலிகையை அறையில் கொளுத்தாதீர்கள், புகை அலாரம் அடிக்கும். சாம்பிராணிக்கும் அதே கதி. ஊசி போட்டுப் பழகுவது முதலில் பஞ்சு உருண்டையில், பிறகு உங்கள் காலில், அப்புறம் சக மாணவர் மேல். குளிர்ந்த கோலாவோடு ஆசிரியர் கண்ணில் படாதீர்கள், குளிர்ந்த பானம் உடம்புக்கு ஆகாது என்பது சீன மருத்துவக் கணக்கு.

கடைசியாக, அப்பாக்கள் கேட்கும் கேள்வி: திரும்பி வந்தால் டாக்டரா? இந்தியாவில் இந்தப் பட்டம் எம்பிபிஎஸ் ஆகாது. வெளிநாட்டில் நவீன மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வை இதைக் காட்டி எழுத முடியாது. அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக மத்திய அரசு 2019இல் ஏற்றது, மகாராஷ்டிரத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் ஊசி போட உரிமையும் டாக்டர் பட்டமும் ஒன்றல்ல. மலேசியத் தம்பி தங்கைகளுக்குப் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சீன மருத்துவம் அதில் அங்கீகரிக்கப்பட்ட துறை. சிங்கப்பூரில் பதிவுத் தேர்வு எழுத, உங்கள் பல்கலைக்கழகம் அங்குள்ள சீன மருத்துவ வாரியத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். இதை ஏஜென்டிடம் கேட்காதீர்கள். அந்தந்த நாட்டு வாரியத்துக்கே உங்கள் பாடப்பிரிவின் சரியான பெயரைப் போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிலைப் பத்திரமாக வையுங்கள். முதல் பருவத்துக்குள் அனுப்பிவிட்டால், துறை மாற நினைப்பவர்களுக்கு நேரம் இருக்கும்.