‘200 ஆம்ப்’ மெஷினும் ஓம்னி ரன்னிங் போர்டும்: கார் தகட்டில் வெல்டிங் வைத்தபோது நடந்ததைச் சொல்லுங்க

ஓம்னிக்காரர்
ஓம்னி, டிரைவர் பக்க ரன்னிங் போர்டு. பின்சக்கர வளைவுக்கு முன்னால ஒரு சாண் நீளத்துக்குத் துரு. கேஸ் இல்லாத சின்ன மிக் மெஷின் (ஒயர் தானா வெளிய வந்து உருகி ஒட்டற வகை), 0.8 மி.மீ ஃபிளக்ஸ் ஒயர், வோல்டேஜ், ஒயர் வேகம் ரெண்டு குமிழும் அடிமட்டத்துல. ட்ரிகரைத் தொட்டதும் புதுத் தகடு அப்படியே நிக்குது, பழைய தகட்டோட விளிம்பு மட்டும் சிவந்து பின்வாங்குது. ஓட்டையை அடைக்க ஒரு புள்ளி வெச்சா அந்தப் புள்ளியே ஓட்டையைப் பெருசாக்குது. பெட்டி மேல கொட்டை எழுத்துல 200 ஆம்ப். எவ்வளவு குறைவா இறங்கும்னு பெட்டியில எங்கேயும் இல்ல. மேனுவல்ல சின்ன எழுத்துல இருக்கு: 40. வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய எண் இதுதான்.

பட்டறை வாசல்
அண்ணே, முதல்ல ஒயர் ரோல் இருக்கற கதவைத் திறந்து போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ் எதுல மாட்டியிருக்குன்னு பாருங்க. ஃபிளக்ஸ் ஒயருக்கு டார்ச் (கையில பிடிக்கற துப்பாக்கி) மைனஸ், எர்த் கிளாம்ப் பிளஸ். கேஸோட ஓட்டற சாதா ஒயருக்கு இது தலைகீழ். ‘கேஸ், நோ கேஸ் ரெண்டும்’னு விக்கற மெஷின் சிலது டார்ச் பிளஸ்ல மாட்டித்தான் வருது. அப்படியே ஃபிளக்ஸ் ஓட்டினா பொறி தெறிக்கும், தகட்டுல சூடு அதிகமா இறங்கும். அப்புறம் ஒயரைத் தள்ளற டிரைவ் ரோலர். ஃபிளக்ஸ் ஒயர் உள்ள பொடி நிரம்பின குழாய். வி பள்ளம் உள்ள ரோலர்ல இறுக்கிப் பிடிச்சா நசுங்கிடும், ஒயர் வெளிய வர்ற டிப்புல சிக்கும். அதுக்குச் சொரசொரப்பான பல் உள்ள ரோலர் வேணும்.

0.6_மட்டும்
போலாரிட்டி சொன்னது சரி. ஆனா அதை மாத்திட்டா ரன்னிங் போர்டு ஒட்டிடும்னு நம்பிக்கை கொடுக்காதீங்க. சந்தையில ஃபிளக்ஸ் ஒயர் 0.8-க்குக் கீழ அநேகமா கிடையாது. அதை ஒழுங்கா உருக்கற சூடே 0.7 மி.மீ தகட்டுக்கு அதிகம். 2 மி.மீ பிராக்கெட், கேட்டு, சேஸிஸ் குறுக்குச்சட்டம்னா நல்லா வேலை செய்யும். டோர் ஸ்கின்னுக்கு (கதவோட வெளித்தகடு) வேணாம்.

பாடி வேலைக்கு மெஷின் தேடறவங்க பார்க்க வேண்டியது இதுதான். கேஸ் இணைப்பு இருக்கணும். கரண்ட் 30 ஆம்ப் அல்லது அதுக்கும் கீழ இறங்கணும். வோல்டேஜும் ஒயர் வேகமும் தனித்தனிக் குமிழா இருக்கணும். 0.6 ரோலரும் 0.6 டிப்பும் கிடைக்கணும். டார்ச் 15ஏகே வகைன்னா டிப், நாசில் எல்லாம் எந்த வெல்டிங் கடையிலயும் வாங்கிக்கலாம். 40 ஆம்புக்கு 0.6 ஒயர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் போகணும், 0.8 ரெண்டு மீட்டர்தான். மெல்லிசு ஒயர் கம்மி கரண்ட்லயே ஆர்க் விடாம நிக்கும். தடி ஒயரை அதே கரண்ட்ல ஓட்டினா உருகாம தகட்டை இடிச்சு இடிச்சு நிக்கும். உடனே ஆள் குமிழை ஏத்துவார், அங்கதான் ஓட்டை விழுது.

0.6 ஒயர் சின்ன ஊர்ல கிடைக்காது, உண்மை. 5 கிலோ ரோலா வரவழைச்சுப் பாலித்தீன் பையில கட்டி வைங்க. துரு ஏறின ஒயர், டார்ச்சுக்குள்ள அது ஓடற லைனர் குழாயையே கெடுத்துடும்.

சிக்கனம்
எதுக்கு சார் இவ்வளவு? சாதாரண இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின், 2 மி.மீ 6013 ராடு, 40 ஆம்ப். ஃபியட் பத்மினி ஃப்ளோர் அதுலயே ஒட்டினதைக் கண்ணால பார்த்தது. சிலிண்டர் டெபாசிட், ரெகுலேட்டர், ஹோஸ்னு சேர்த்தா மெஷினை விட அதுக்கே செலவு ஆகுது.

0.6_மட்டும்
அந்தப் பத்மினி ஃப்ளோரை அடியில படுத்துப் பார்த்தீங்களா? ராடு தகட்டைத் தொட்டு எழும்பற நொடியில கரண்ட் எகிறும், 0.8 தகடு அதைத் தாங்காது. ஸ்லாக் (ராடு பூச்சு உருகி உறையற கசடு) உள்ள சிக்கின இடத்துல தண்ணி நின்னு, வெல்டிங் தையலை ஒட்டியே மறுபடி துரு கிளம்பும். ராடுல ஒட்டியே ஆகணும்னா தகட்டை ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தி, அடியில செம்புப் பட்டை கொடுத்து, சரிவா வெச்சு மேலிருந்து கீழ இழுக்கணும். இவ்வளவு சொன்னாலும் பானட்டுல அதைத் தொடாதீங்க.

யாழ் மைனர்
இஞ்சை மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 எல்லாம் இன்னும் ஓடுது. அதுகளின்ரை தகடு 20 கேஜ், கிட்டத்தட்ட 0.9. ஒரு மைனரின்ரை முன் மட்கார்டிலை மிக் தையல் போட்டுக் கிரைண்டராலை தட்டையாக்கினவை. பெயின்ற் அடிச்சு வெயிலிலை விட, தையல் கோடு அப்பிடியே வரியாத் தெரிஞ்சுது. மிக் தையல் கடினம், சுத்தியலுக்கு மசியாது. காஸ் வெல்டிங் தையல் மென்மை. சின்ன நாசில், ஒக்சிசனும் அசிற்றிலினும் சமனான சுவாலை, சூடு ஆறமுன்னமே டொலியை (கையாலை பிடிக்கிற இரும்புக் கட்டை) அடியிலை பிடிச்சுத் தட்டினா இழுபட்ட தகடு திரும்பவும் நேராகும். பழைய கார் மட்கார்ட்டுக்கு இன்னும் அதுதான் வேலை. புது மெஷின் வாங்கினா எல்லாம் சரியாகும் எண்டு நினைக்க வேண்டாம்.

பட்டறை வாசல்
மைனருக்குச் சொல்றது ஒத்துக்கறேன். இப்போ வர்ற வண்டிகளுக்கு இல்லை. பில்லர் (கூரையைத் தாங்கற தூண்), சில் (ரன்னிங் போர்டு) உள்பக்கம், முன் ரெயில் எல்லாம் உயர் வலு ஸ்டீல். கேஸ் சுவாலை அகலமாச் சூடேத்தி அந்த வலுவையே எடுத்துடும். பி பில்லர்ல, அதாவது நடுத்தூண்ல, போரான் ஸ்டீல் இருந்தா வீட்டு மிக்கும் அதைத் தொடக்கூடாது.

ஈஸ்ட்ஹாம்
இங்கே லண்டனில் பழைய ஃபியஸ்டா ஒன்று எம்.ஓ.டி.யில் (வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை) பெயில். சில்லில் ஒட்டின பேட்ச் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மவுண்டுகளிலிருந்து 30 செ.மீ.க்குள் என்றால் பேட்ச் சுற்றிலும் இடைவெளி இல்லாத தையல் வேண்டும். கம்பெனியில் ஸ்பாட் வெல்டாக இருந்த இடத்தில் மட்டும் ஸ்பாட்டோ பிளக் வெல்டோ (மேல் தகட்டின் ஓட்டையை நிரப்பி அடித் தகட்டோடு ஒட்டுவது) செல்லும். இடைவெளி இல்லாமல் என்றால் ஒரே இழுப்பில் என்று அர்த்தமில்லை. 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, கை வைக்கும் அளவு ஆறினதும் நடுவில் ஒன்று. இப்படியே புள்ளிகள் தொடும்வரை. ஒரே பக்கமாக ஓட்டினால் தகடு அப்பளம் மாதிரி நெளியும். பிளக் வெல்டுக்கு மேல் தகட்டில் 6 மி.மீ. ஓட்டை, அடித் தகட்டின் நடுவில் ஆர்க்கைத் தொடங்கி வெளிப்பக்கம் சுற்ற வேண்டும். ஓட்டையின் விளிம்பில் தொடங்கினால் மேலே அழகாக நிரம்பும், அடியில் பிடித்திருக்காது.

கரண்ட் பில்
எல்லாரும் மெஷினையே பேசறீங்க. கேக்காம சொல்றேன், கோச்சுக்காதீங்க.

ஒரு ஸ்விஃப்ட், டிக்கி ஃப்ளோர்ல புள்ளி வெச்சுக்கிட்டிருந்தாங்க. மேல தீயே தெரியல. அடியில இருந்த கருப்பு அண்டர்கோட் மட்டும் சத்தமில்லாம சொட்டுச் சொட்டா எரிஞ்சு தரையில விழுந்துக்கிட்டிருந்தது. ஹெல்மெட் போட்டவருக்கு அது தெரியாது. அதனால வெல்டிங் இடத்துக்கு ரெண்டு பக்கமும், அடியிலயும், ஒரு ஜாண் தூரத்துக்கு அண்டர்கோட், சீலன்ட் எல்லாம் சுரண்டணும். கார்பெட், சவுண்ட் ஃபோம், ஒயரிங் விலக்கணும். பெட்ரோல் டேங்க், ஃப்யூல் லைன் பக்கம்னா டேங்கை இறக்கிடுங்க. ஈரத்துணி போட்டா போதும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. வாளித் தண்ணியோட இன்னொரு ஆள் நிக்கணும். முடிஞ்ச பிறகும் அரை மணி நேரம் வண்டியை விட்டுப் போகக்கூடாது.

பேட்டரி மைனஸ் முதல்ல கழட்டணும். ஏர்பேக் வண்டின்னா கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கணும். எர்த் கிளாம்ப், ஒட்டற தகட்டுலயே, பெயின்ட் சுரண்டின இடத்துல. எங்கேயோ வீல் போல்ட்ல மாட்டினா கரண்ட் பேரிங் வழியாப் போகும்.

ஜிங்க் பூசின தகடுன்னா வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையால ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஓரத்துல ஒரு விரல் அகலம் ஜிங்கைத் தேய்ச்சு எடுங்க, ஃபேனைப் பக்கவாட்டுல வைங்க. டார்ச்சுக்கு நேரா வெச்சா கேஸ் பறந்து தையல் முழுக்கத் துளையாகும்.

பிளக் 16 ஆம்ப். 40, 50 ஆம்ப்ல வெல்டிங் வைக்கும்போது மெஷின் லைன்ல ஏழு ஆம்ப் கிட்ட இழுக்கும், அதனால 6 ஆம்ப் பிளக் பாயின்ட் கருகும். எக்ஸ்டென்ஷன் 2.5 ஸ்கொயர் காப்பர், சுருளை முழுசா விரிச்சு.

ஓம்னிக்காரர்
கேஸ் எது? கம்பெனிக்காரர் சி.ஓ.டூ போதும்கறார்.

0.6_மட்டும்
ஒட்டும். விலையும் கம்மி. ஆனா ஆர்க் முரடு, தெறிப்பு அதிகம், மெல்லிசுத் தகட்டுல ஊடுருவல் ஆழம். ஆர்கான் 80, சி.ஓ.டூ 20 கலவைன்னா ஒண்ணு ரெண்டு வோல்ட் கம்மியிலயே ஆர்க் அமைதியா நிக்கும், 0.7 தகட்டுல அந்த வித்தியாசம் கையிலயே தெரியும். ஓட்டம் நிமிஷத்துக்கு 8 முதல் 10 லிட்டர்.

சிக்கனம்
கலவை சிலிண்டர் நம்ம ஊர்ல சின்ன சைஸ்ல கொடுக்கறாங்களா? பெருசா எடுத்து வீட்டுல நிறுத்தறதுக்குப் பட்டறைக்கே வண்டியை விட்டுடலாம்.

பட்டறை வாசல்
சப்ளையரைப் பொறுத்தது. அதனாலதான் மெஷினுக்கு முன்னாடி கேஸ் கடையைப் பாருங்கன்னு சொல்றது. அப்புறம், மெஷின் வாங்கப் போகும்போது பழைய பானட் துண்டு ஒண்ணு கொண்டு போங்க. ரெண்டு பக்கமும் பெயின்ட் எடுத்து, வெர்னியர்ல 0.7-ஆ 0.8-ஆன்னு அளந்து வைங்க. கடையில 0.6 ஒயர் மாட்டச் சொல்லி, வோல்டேஜை அடிமட்டத்துல வெச்சு, ஓரத்தோட ஓரம் அரை மி.மீ இடைவெளியில ஒரு வரிசை புள்ளி. திருப்பிப் பாருங்க. பின்பக்கம் உருகின சின்னப் புடைப்பு தெரிஞ்சா பிடிச்சிருக்கு. ஒண்ணுமே தெரியலன்னா மேல ஒட்டிக்கிட்டு நிக்குது, குறட்டால மடக்கினாப் பிரியும். கடைக்காரர் 3 மி.மீ பட்டையை எடுத்துப் போட்டு ஒட்டிக் காட்டினா அதை விட்டுட்டு உங்க துண்டைக் கொடுங்க.

ஓம்னிக்காரர்
துண்டு இருக்கு. எர்த் கேபிள் ரெண்டு மீட்டர்தான் வருதாமே, அதுக்கு என்ன பண்றீங்க?

பட்டறை வாசல்
16 ஸ்கொயர் காப்பர் கேபிள் நாலு மீட்டர், புது பித்தளை கிளாம்ப். மெஷினோட வர்ற தகரக் கிளாம்பை அன்னிக்கே கழட்டிடுங்க.