குறும்படத்தில் பிரிவுக்குக் காரணம் சொல்லவில்லை, பார்த்தவர்கள் எல்லாரும் மதம் என்கிறார்கள்

டோல்கேட்_பையன்:

விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக 14 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துப் போன வாரம் டிபார்ட்மென்டில் திரையிட்டோம். கதை ரொம்பச் சின்னது. பெண் வடசென்னை எம்.சி. ரோட்டில் புடவைக்கடை சேல்ஸ். பையன் மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் டாலி எழுதுகிறவன் (வருகிற, போகிற பெட்டிகளின் நம்பரைக் குறித்துக் கணக்கு வைக்கிற வேலை), ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி. இரண்டு வருடப் பழக்கம். வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை, நடுவில் வேறு ஆள் வரவில்லை, சண்டைகூட இல்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரத்து குறைந்துகொண்டே வந்து ஒருநாள் அவள் "இனிமே வராத" என்கிறாள், அவனும் சரி என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவ்வளவுதான் படம்.

மொத்தம் மூன்று சந்திப்பு. முதலில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை. இரண்டாவது ராயபுரம் ஸ்டேஷன் வாசல் (பிளாட்பாரத்தில் எடுக்க ரயில்வே அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நேரமும் இல்லை காசும் இல்லை, அதனால் அந்த 1856 கட்டடத்தின் தூண்கள் பின்னால் தெரிகிற மாதிரி வெளியே இருந்தே எடுத்தோம்). கடைசியாகத் திருவொற்றியூர் கடற்கரைக் கற்கள்.

இப்போது பிரச்சினை. படம் முடிந்து லைட் போட்டதும் வந்த முதல் கேள்வியே "பையன் இந்து, பொண்ணு கிறிஸ்டியன், அதானே?" அடுத்தவனும் அதையேதான் கேட்டான். எங்கள் ஸ்கிரிப்டில் மதம் என்ற பேச்சே கிடையாது! நடித்த பெண்ணின் சொந்தச் செயின் அது, சிலுவை டாலர் போட்டது. ஒத்திகையில் தயங்கும்போதெல்லாம் அதை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள், அது எனக்குப் பிடித்துப்போய் அத்தோ கடை சீனில் ஒரு குளோஸப் எடுத்து வைத்தேன். நடிகன் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு நேராக ஷூட்டுக்கு வந்தவன், நெற்றியில் லேசாக விபூதி. இது இரண்டும் சேர்ந்துதான் இப்படி ஆகியிருக்கிறது.

எங்கள் சார் "காரணத்தை ஒரு சீனில் சொல்லிவிடு, குழப்பம் தீர்ந்தது" என்கிறார். எனக்கு அதில் இஷ்டமில்லை. காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அது வேறு படம். குளோஸப்பை வெட்டினால் போதுமா, இல்லை அப்படியே விடலாமா? இன்னொருவன் "வடசென்னைப் படமாச்சே, கத்தி எப்ப வரும்னு பாத்துட்டே இருந்தேன்" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை.

கட்_டேபிள்:

வெட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல், அந்தக் குளோஸப் எதற்கு அடுத்து வருகிறது? நீ எழுதியதைப் பார்த்தால் அவள் பேசாமல் இருக்கிற முகம், உடனே சிலுவை, உடனே அவன் முகம், நெற்றியில் விபூதி. நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் இதைத்தான் செய்து காட்டினார். ஒரே நடிகனின் ஒரே முகம். பக்கத்தில் சூப் கிண்ணத்தை ஒட்டினால் பசி, சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம். முகம் மாறவில்லை, பார்க்கிறவன் மனசுதான் நடுவில் கதை கட்டுகிறது. நீ முகத்துக்குப் பக்கத்தில் சிலுவையை ஒட்டியிருக்கிறாய், அவர்கள் கட்ட வேண்டிய கதையைக் கட்டிவிட்டார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதுவும் நம் ஊரில். காதலர்கள் பிரிகிறார்கள், காரணம் சொல்லவில்லை என்றால் நம் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், சாதியோ மதமோ ஒன்றை அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பேப்பர் படிக்கிறவன் வேறு எதை நினைப்பான்? அதனால் காலி இடத்தை விட்டுவைத்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று வெளியே நின்று விளக்கம் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை. படத்துக்குள்ளேயே அந்தக் கதவைச் சாத்த வேண்டும், அதுவும் முதல் சந்திப்பு முடிவதற்குள்.

ரீஷூட் வேண்டாம், ஒரு போன் போதும். அத்தோ கடையில் அவளுக்கு அம்மாவிடமிருந்து கால் வருகிறது. குரல் மட்டும்: "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?" இவள் அவன் தட்டைப் பார்த்து "ம்" என்கிறாள். முடிந்தது. வீட்டுக்குத் தெரியும், வீட்டில் சம்மதம், அம்மாவுக்கு அவன்மேல் பாசமும் இருக்கிறது. இதற்கு அப்புறம் எவனும் மதம் என்று கேட்க மாட்டான். அவள் தலை திருப்பியிருக்கிற ஷாட், முதுகு ஷாட் ஏதாவது இருந்தால் அதன்மேல் டப்பிங்கில் ஏற்றிவிடலாம்.

சார் சொல்கிற காரண சீன் மட்டும் வேண்டவே வேண்டாம். மாணவர் குறும்படம் பாதி அந்தச் சீனில்தான் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று தங்கள் பிரச்சினையைத் தாங்களே அழகாக விளக்கிக்கொள்வார்கள். அவ்வளவு தெளிவாகப் பேச முடிந்தவர்கள் ஏன் பிரியப் போகிறார்கள்?

எம்சி_ரோட்_அக்கா:

தம்பி, செயினை வெட்டாதே. ராயபுரத்தில் இருக்கிற ஒரு பெண் கழுத்தில் சிலுவை போட்டிருந்தால் உடனே அது பிரச்சினையாகத்தான் இருக்க வேண்டுமா? எங்கள் தெருவில் அக்கா சர்ச்சுக்கும் தங்கச்சி அம்மன் கோயிலுக்கும் போகிற வீடு இருக்கிறது, இரண்டு இடத்துப் பொங்கலும் எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சும்மா அலுத்துப்போய்ப் பிரிகிற உரிமை இல்லையா என்ன. மேலே அவர் சொன்ன போன் யோசனை நல்லா இருக்கு, அதை வை, செயினும் இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. நான் எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை பார்க்கிறேன், அதனால் கேட்கிறேன். உன் படத்தில் அவள் எங்கேயாவது உட்காருகிறாளா?

காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி மடிப்பு போட்டு அடுக்கி முடிக்கிறவரை நிற்கிற உடம்பு இது. 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஸ்டூல் வந்தது. ஆனால் கஸ்டமர் ஏறினால் எழுந்துதான் ஆக வேண்டும், பண்டிகை நேரத்தில் ஸ்டூல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அப்படி வேலை முடித்து வருகிற பெண்ணுக்கு முதலில் காதல் எல்லாம் தோன்றாது, எங்கே உட்காரலாம் என்றுதான் கண் தேடும். செருப்பைக் கழற்றி ஒரு காலின் குதிகாலால் இன்னொரு காலின் பாதத்தைத் தேய்த்துக்கொள்வோம், எங்கள் கடையில் எல்லாரும் செய்வது, நடிகையிடம் சொல்லிக்கொடு.

அத்தோ கடையில் எல்லாரும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவார்கள். முதல் சந்திப்பில் அவன் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலை இழுத்து வந்து போடட்டும், எதுவும் பேச வேண்டாம். ராயபுரத்தில் அவள் தானாகப் போய்ப் படியில் உட்காரட்டும், அவன் பைக்கில் சாய்ந்தபடி போன் பார்க்கட்டும். கடைசியில் கல் மேல் அவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான், அவள் நிற்கிறாள், அவன் கவனிக்கவே இல்லை. இதுக்கு மேல் காரணம் வேண்டும் என்றால் உன் சாரை ஒருநாள் எங்கள் கடைக்கு அனுப்பு.

கத்தி கேட்ட பையனிடம் சொல், எங்கள் ஏரியாவில் காதல் தோற்றால் யாரும் கத்தி எடுப்பதில்லை, மறுநாள் ஷிஃப்டுக்குப் போவார்கள்.

50_ஹெர்ட்ஸ்:

கதைக்குள் நான் வரவில்லை, ரீஷூட் என்று இறங்கினால் சில விஷயம். கடற்கரை சீனை சாயங்காலம் எடுத்திருப்பாய், எல்லாரும் செய்வதுதான். ஆனால் நம் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும், கடல் பக்கம் பார்த்து எடுத்தால் வானம் சாம்பலாகத் தட்டையாக வரும். முகத்துக்குப் பின்னால் வெளிச்சம் வேண்டுமென்றால் விடியற்காலை ஒரே வழி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன் என்கிறாயே, விடியற்காலை கதைக்கும் பொருந்துகிறது. இல்லை, அந்தத் தட்டை வெளிச்சம்தான் வேண்டும் என்றாலும் சரி, ஆனால் அதைத் தெரிந்து செய்.

அத்தோ கடையில் ட்யூப்லைட் இருந்தால் 24 ஃப்ரேமில் 1/48 ஷட்டர் வைக்காதே. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை விட்டு விட்டு எரிகிறது, படத்தில் கோடு கோடாக ஓடும். 25 ஃப்ரேம், 1/50 வைத்தால் தொல்லையில்லை. ஏற்கெனவே எடுத்ததில் கோடு இருந்தால் ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேரில் அதைக் குறைக்க டீஃபிளிக்கர் இருக்கிறது, ஆனால் காசு கொடுத்து வாங்குகிற வெர்ஷனில்தான்.

லொகேஷன் மாற்ற நினைத்தால் காசிமேடு பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும், இன்ஜின் சத்தமும் இருக்காது. மெட்ரோவுக்குள் எடுக்கலாமா என்று மட்டும் கேட்காதே, அனுமதி இல்லாமல் முடியாது. அந்த விம்கோ நகர் லைனைத் திறந்ததே 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி, காதலர் தினம், அதைப் பார்த்துக் காதல் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அங்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

சீல்_நம்பர்:

யார்டில் பல வருடம் டாலி எழுதியவன் நான், இப்போது வேறு வேலை. தம்பிக்கு ஒரு வார்த்தை. காரணம் இல்லை, காரணம் இல்லை என்கிறாயே, நீயே எழுதிவிட்டு நீயே பார்க்கவில்லை. ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் அவன் எட்டு மணிக்கு உள்ளே போவான், அவள் கடையை விட்டு வெளியே வரவே ஒன்பது தாண்டும். காலையில் அவன் வந்து படுக்கிற நேரம் அவள் பஸ் பிடிக்கிற நேரம். பகல் ஷிஃப்ட் வாரம் வந்தால் அவனுக்குத் தூக்கம் பாக்கி இருக்கும். மாசத்தில் பாதி நாள் இரண்டு பேரும் வெறும் மெசேஜ்தான். அது காரணம் இல்லையென்றால் வேறென்ன?

இன்னொன்று. டாலி எழுதுகிறவன் கண் எப்படி இருக்கும் தெரியுமா? கன்டெய்னர் நம்பர் நாலு எழுத்து, ஏழு எண், அதில் கடைசி எண் செக் டிஜிட், மற்றதெல்லாம் சரியா என்று பார்க்க. ஒன்றைத் தப்பாக எழுதினால் பெட்டியைத் தேடி யார்டு முழுக்க அலைய வேண்டும். கொஞ்ச நாளில் ரோட்டில் போகிற லாரியைக்கூடப் படிக்க ஆரம்பித்துவிடுவோம், நிறுத்த முடியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் படித்திருக்கிறேன், என் வீட்டுக்காரம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நீ எடுத்த இடம் திருவொற்றியூர், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, வரிசையாக ட்ரெய்லர். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் உதடு லேசாக அசைந்து நம்பர் படிக்கட்டும். அவள் அதைப் பார்க்கட்டும். அப்புறம் அவள் "இனிமே வராத" என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மணலில் உட்கார வைத்திருக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதே. துறைமுகச் சுவர் கட்டினதிலிருந்து மணல் தெற்கே மெரினாவில் சேருகிறது, நமக்கு அரிப்பும் கருங்கல்லும்தான். இதை உடனே குறியீடு கிறியீடு என்று வசனத்தில் வைத்துவிடாதே, அங்கே உட்கார வேறு இடம் இல்லை, அதனால் உட்காருகிறார்கள், அவ்வளவுதான்.

டோல்கேட்_பையன்:

சீல் நம்பர் அண்ணா, உங்கள் பதிலைப் படித்ததும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். கடற்கரையில் ஒரு டேக், ட்ரெய்லர் ஹாரன் அடித்ததும் அவள் வசனத்துக்கு நடுவில் நடிகன் தலையைத் திருப்பி ரோட்டைப் பார்க்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான், அவள் ஒரு நொடி நிறுத்திவிட்டு மிச்ச வசனத்தை முடிக்கிறாள். என்ஜி, அதாவது சரியில்லாத டேக், என்று எழுதி ஒதுக்கி வைத்திருந்தோம். நாங்கள் வைத்த டேக்கைவிட அது நன்றாக இருக்கிறது. ஷூட்டிலேயே பதிவான சின்க் சவுண்டில் ஹாரன் அவள் வசனத்தின்மேல் ஏறிவிட்டது, இரண்டு வார்த்தை கேட்கவில்லை, அது மட்டும் இடிக்கிறது.

அக்கா, ஸ்டூல் ஷாட் எடுக்கிறோம், அத்தோ கடைக்காரர் சரி என்றுவிட்டார். ஆனால் ராயபுரம் சீனை மாற்ற மாட்டேன். அங்கே இரண்டு பேரும் சிரித்துப் பேசுகிறார்கள். நடுவில் ஒருநாள் நன்றாகவும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, படிப்படியாகக் குறைந்தால் கணக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். செயின் குளோஸப்பையும் வெட்டவில்லை, போன் வருவதற்குப் பிறகு தள்ளி வைக்கிறேன்.

கட்_டேபிள்:

ராயபுரம் விஷயத்தில் நீ சொல்வது சரி. கேட்காத இரண்டு வார்த்தையை டப்பிங்கில் சரி பண்ணாதே, கேட்காமலே இருக்கட்டும், அவனுக்கும் கேட்கவில்லைதானே. அந்த இடத்தின் வெறும் சத்தம் ஒரு நிமிடமாவது தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறாயா? இல்லையென்றால் ஸ்டூல் ஷாட் எடுக்கப் போகிற அன்றைக்கே கடற்கரைக்கும் போய் எடுத்துவிடு, காற்று அடிக்கும், மைக்குக்கு மேல் ரோமக் கவர் போடு.

எம்சி_ரோட்_அக்கா:

சரி, ராயபுரத்தில் சிரிக்கட்டும். அம்மா குரலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் பேசுகிறேன், ஆனால் டப்பிங்கைச் செவ்வாய்க்கிழமை வை, எனக்கு வார லீவு அன்றைக்குத்தான்.