பாலு மகேந்திரா படங்கள்: உங்களை இன்னும் விடாத ஒரு அனுபவம்?

செங்கல்சூளை:
வேலைக்குப் போற ஒரு பொண்ணு சொந்த வீடு கட்டப் படற பாடுதான் வீடு படம், அதோட கதையை இங்க யாருக்கும் நீட்டிச் சொல்ல வேண்டியதில்ல. நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்க வீடு, ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் மட்டத்தோட நின்னுபோன சமயம். கான்ட்ராக்டர் அட்வான்ஸ் வாங்கிட்டு வேற சைட்டுக்குப் போயிட்டார். அப்பா பி.எஃப். லோன், சொசைட்டி கடன், அம்மா நகை எல்லாத்தையும் போட்டாச்சு. அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை டிவியில வீடு போட்டாங்க.

தாத்தா தனியா கிளம்பிப் போய், பாதி எழும்பின வீட்டைப் பாப்பாரே, அந்த இடம். சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு நடப்பார். நான் திரையைப் பாக்கல. அப்பாவோட கையைத்தான் பாத்துட்டிருந்தேன். நாற்காலிக் கைப்பிடியை அதே மாதிரி தடவிட்டிருந்தார். அவருக்கே தெரியாது. விளம்பரம் வந்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டு சைட்டுக்குப் போயிட்டார்.

அதனால கடைசிக் காட்சியை, அந்த நிலமே தங்களோடதுன்னு மெட்ரோ வாட்டர்காரங்க வந்து நிக்கிறதை, அவர் பாக்கவே இல்ல. ராத்திரி சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணு வீட்டைக் கட்டி முடிச்சிருச்சா?"ன்னு கேட்டார். முடிச்சிருச்சுப்பான்னு சொல்லிட்டேன். எங்க வீடு எப்படியோ எழும்பிருச்சு, இப்பவும் அங்கதான் இருக்கோம். அவருக்கு இன்னும் அந்தப் படத்தோட முடிவு தெரியாது.

குன்னூர் கீதா:
படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. சொல்லாதீங்க, அப்படியே இருக்கட்டும்.

என்னோடது கேத்தி ஸ்டேஷன். மூன்றாம் பிறை கிளைமாக்ஸ் அங்கதான் எடுத்தாங்கன்னு ஊட்டிப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மலை ரயில் நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துல யாராவது இறங்கிப் படம் எடுத்துக்குவாங்க. ஒரு மழை நாள் சாயங்காலம், ஹிந்தி பேசற குடும்பம் ஒண்ணு இறங்குச்சு. அவங்களுக்கு இது சத்மா. அதே கதையை 1983ல ஹிந்தியில பாலு மகேந்திராவே இயக்கினது.

அந்தக் குடும்பத்துப் பெரியவருக்கு அறுபது வயசு இருக்கும். தன்னை மறந்துட்டு ரயில்ல போற ஸ்ரீதேவிக்கு ஞாபகப்படுத்த, சீனுவா வர்ற கமல் செய்வாரே, அந்தக் குரங்கு சேஷ்டையை, மகள் போனைப் பிடிக்க, அவர் செஞ்சு காட்ட ஆரம்பிச்சார். மொதல்ல எல்லாரும் சிரிச்சோம். பாதியில அவர் கை அப்படியே நின்னுபோச்சு. கீழ இறக்கவும் இல்ல, மேல ஆடவும் இல்ல. வாய் கோணிக்கிட்டு வருது. மகள் போனை இறக்காம, "பப்பா, பப்பா"ங்குறா. கார்டு விசில் ஊதினார். யாரோ அவர் தோளைப் பிடிச்சு ஏத்திவிட்டாங்க. அவர் யாரை நினைச்சாரோ. அதுக்கப்புறம் என்னால அந்தக் காட்சியைப் பாக்க முடியல.

மூணாவது அசிஸ்டென்ட்:
கீதா, உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா அழ வெச்சதுதான் பெரிய படம்ங்கிறதை ஏத்துக்க முடியாது. மூன்றாம் பிறை கிளைமாக்ஸ்ல கமலோட நடிப்பு காட்சியையே தூக்கிச் சாப்பிட்டுருது. வீடு, சந்தியா ராகம் ரெண்டுலயும் ஒரு ஃப்ரேம்கூட நம்மளைப் பிடிச்சு உலுக்காது, சும்மா கூடவே உக்காந்திருக்கும். மூன்றாம் பிறைக்கு பாலு சார் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கினாரே, அதைப் பேசுங்க, சரி. கோகிலாவுக்கும் வாங்கினார். புனே திரைப்படக் கல்லூரியில தங்கப் பதக்கத்தோட வெளிய வந்தவர். நெல்லு, முள்ளும் மலரும், சங்கராபரணம், மணி ரத்னத்தோட முதல் படம்னு மத்தவங்களுக்கு எடுத்துக் கொடுத்ததைப் பாத்தாலே அவர் வெளிச்சம் தெரியும்.

என் அனுபவம் சின்னது. ஒரு விளம்பரப் படம், பழைய ஓட்டு வீடு. எங்க கேமராமேன் ரெண்டு மணி நேரம் லைட் அடிச்சுப் பாத்துட்டு, எல்லாத்தையும் அணைக்கச் சொல்லி ஜன்னலைத் திறந்தார். பாட்டியா நடிச்ச அம்மா முகத்துல பாதி வெளிச்சம், பாதி நிழல். செட்ல இருந்த எல்லாரும் ஒரே நேரத்துல "பாலு சார்"னு சொன்னோம். அந்தப் பேரைச் சொன்ன விதம் இன்னும் காதுல இருக்கு.

வீட்டுல போன்ல வீடியோ எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். ஆளை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்க வைக்காதீங்க, முகம் கருத்துடும். ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி உக்கார வைங்க. முதல்ல டியூப்லைட்டை அணைங்க. வெளிய இருந்து வர்ற பகல் வெளிச்சத்தோட நிறம் வேற, டியூப்லைட்டோட நிறம் வேற, ரெண்டும் முகத்துல கலந்தா தோல் நிறமே கெட்டுப்போகும். நிழல் ரொம்ப அழுத்தமா இருந்தா எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடிங்க, அது போதும். நேர் வெயில் ஜன்னல்ல அடிச்சா மெல்லிசா ஒரு துணி போடுங்க. போன்ல முகத்தை அழுத்திப் பிடிச்சு எக்ஸ்போஷரை லாக் பண்ணுங்க, இல்லன்னா ஆள் அசையும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். மேகமூட்டமான நாள் இருக்கே, அதை விட்டுடாதீங்க. உங்க அப்பா அம்மாவை இப்படி ஒரு தடவை எடுத்து வைங்க. ஃபில்டர் எதுவும் போடாதீங்க.

மட்டுநகரான்:
எல்லாரும் ஊட்டி, கோடம்பாக்கம் எண்டு எழுதுறியள். மனுசன் பிறந்தது 1939ல, மட்டக்களப்பு அமிர்தகழியில. எங்கட வீட்டில இருந்து சைக்கிளில போற தூரம்.

வேலையிடத்துச் சிங்கள நண்பர்களோட கித்துல்கலவுக்குப் படகுச் சவாரிக்குப் போனன். அங்கதான் டேவிட் லீன் குவாய் நதிப் பாலம் படம் எடுத்தவர். களனி கங்கைக் கரையில அந்தப் பாலத்தின்ட கொங்கிறீட் அடிக்கட்டு இன்னும் கிடக்குது. வழிகாட்டி எல்லாத்தையும் ஒப்புவிச்சார், பாலத்தை எப்படி வெடிக்க வைச்சது, ரயிலை எப்படி ஆத்தில விழுத்தினது எண்டு. பள்ளிக்கூடச் சுற்றுலாவில வந்த பெடியன் ஒருத்தன் அந்தப் படப்பிடிப்பைப் பார்த்ததும், லீன் "ரெயின்" எண்டு குரல் குடுக்க மழை கொட்டினதும், அண்டைக்கே தானும் டைரக்டராக வேணும் எண்டு நினைச்சதும் அவருக்குத் தெரியாது. பாலு மகேந்திரா எத்தினை மேடையில சொன்ன கதை அது!

எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொல்லத் தொடங்கினன். "யார் அது?" எண்டு கேட்டார். பேரைச் சொன்னன். தலையை ஆட்டிப்போட்டு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். பக்கத்தில நிண்ட நண்பர்களுக்கும் தெரியாது. நான் அந்த ஜாக்கெட்டைக் கையில வைச்சுக்கொண்டு அந்தக் கொங்கிறீட்டையே பார்த்துக்கொண்டு நிண்டன். ஒரு சின்னப் பலகையாவது அங்க வைக்க ஏலாதா?

வெண்ணிலா:
ஒரு பேர் இவ்வளவு நேரமா யார் வாயிலயும் வரலை. ஷோபா.

கல்லூரி விடுதியில அழியாத கோலங்கள் போட்டோம். டீச்சரா வர்ற ஷோபாவைப் பாத்துட்டு என் பக்கத்துல இருந்த பொண்ணு, "இவங்க இப்ப என்ன பண்றாங்க அக்கா?"ன்னு கேட்டா. 1980 மே 1ல இறந்துட்டாங்க, 17 வயசுன்னு சொன்னேன். "நம்மளைவிடச் சின்னவங்களா?"ன்னு கேட்டுட்டுத் திரையைப் பாத்தா. அங்க ஷோபா சிரிச்சிட்டிருந்தாங்க. அதுக்குப் பிறகு அந்த ஹாலில் யாரும் பேசல.

அவங்க பாலு மகேந்திராவோட மனைவி. அவருக்கு அப்போ 40 வயசு. பசி படத்துக்குத் தேசிய விருது வாங்கின நடிகை. அந்தப் படங்களை நான் நேசிக்கிறேன், வீடு மாதிரி வேலைக்குப் போற ஒரு பெண்ணோட பஸ், சமையல், கடன் கவலை எல்லாத்தையும் அவ்வளவு மரியாதையா யாரும் எடுத்ததில்ல. அதனாலதான் கேக்கிறேன். அவர் வாழ்க்கையைப் பேசும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டாம தாண்டிப் போறது ஷோபாவுக்குச் செய்யற நியாயம் இல்ல.

மூணாவது அசிஸ்டென்ட்:
வெண்ணிலா, இது அனுபவங்களுக்கான இடம். சொந்த வாழ்க்கையை இழுக்க வேண்டாமே.

வெண்ணிலா:
நான் எழுதினதும் அனுபவம்தான் சார். விடுதி ஹாலில் நடந்தது.

ரீல்பெட்டி:
நான் ஒரு பிலிம் லேபில் வேலை பார்த்தவன், பேர் வேண்டாம். வீடு படத்தின் நெகடிவ் இல்லை, சந்தியா ராகம் நெகடிவும் இல்லை என்று பாலு மகேந்திரா மேடைக்கு மேடை புலம்பியது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுக்கு என்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புனேயில் தேசியக் காப்பகம் 1964லேயே வந்துவிட்டது.

ஒரு பிலிம் எப்படி அழிந்து போகும் என்று நான் கண்ணால் பார்த்தேன். மாடியில் ஏ.சி. இல்லாத அறை, தகர டப்பாக்கள். ஒன்றைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடி போலப் புளித்த நெடி மூக்கில் ஏறியது. அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கெட ஆரம்பித்தால் அமிலம் கசியும், அந்த அமிலமே மிச்சத்தையும் வேகமாகக் கெடுக்கும். ரீல் சுருங்கி அலை அலையாக வளைந்திருந்தது. டப்பா மேல் எழுதியிருந்த படப் பேரை வாசித்தேன். இங்கே சொல்ல மனசு வரவில்லை, உங்களில் பலர் பார்த்த படம். பெரியவர் ஒருவர் மூடியைத் திரும்பப் போட்டு, "கணக்குல இருக்குன்னு எழுதிக்கோ தம்பி" என்றார். எழுதினேன். கருப்பு வெள்ளைச் சுருள்களை வெள்ளிக்காக உருக்கிய கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இது யாரும் உருக்காமலே போனது.

பெரம்பூர் பேத்தி:
எனக்குத் தலைமுறைகள்தான். 2013 டிசம்பர், மேட்னி, தியேட்டர்ல எண்ணிடலாம்கிற அளவு ஆளுங்க. எப்பவும் போடற தொப்பி இல்லாம பாலு மகேந்திராவே தாத்தாவா வந்து நின்னதும், முன் வரிசையில ஒருத்தர், "அய்யோ, தொப்பி எங்க?"ன்னு சத்தமாவே கேட்டுட்டார். யாரும் அதட்டல. எல்லாருக்கும் அதே பதற்றம். ரெண்டு மாசத்துல, பிப்ரவரி 13, அவர் இறந்த செய்தி வந்துச்சு. தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதை அந்தப் படத்துக்கு அறிவிச்சப்போ அவர் இல்ல.

செங்கல்சூளை சார், கீதா சொல்றதை நான் ஒத்துக்கல. அப்பாகிட்ட முடிவைச் சொல்லிடுங்க. சொந்த வீட்டுல உக்காந்து கேக்கிறவருக்கு அது தாங்கும்.

ரீல்பெட்டி சார், சந்தியா ராகம் தூர்தர்ஷனுக்காக எடுத்ததுதானே? அது ஒளிபரப்பானப்ப எங்க பெரியப்பா வி.சி.ஆர்.ல பதிஞ்சு வெச்சிருந்தார். கேசட் ஓரமா வெள்ளைப் பூஞ்சை பிடிச்சிருக்கு. பிளேயர்ல போட பயமா இருக்கு. சென்னையில இதை யார்கிட்ட கொடுத்தா சுத்தம் பண்ணி மாத்தித் தருவாங்க?

ரீல்பெட்டி:
போடாதீர்கள், பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் ஒட்டி டேப்பையும் கிழித்துவிடும். ஈரமில்லாத இடத்தில் கேசட்டை நிற்க வைத்து வையுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் விசாரிக்கிறேன்.

செங்கல்சூளை:
அதை மாத்தினதும் எங்களுக்கும் சொல்லுங்கம்மா. அதுலயும் சொக்கலிங்க பாகவதர்தானே, அப்பாவுக்கு அவர்னா உயிர்.