பென்னாகரம் படிப்பகத்துக்கு வந்த ஐந்து பழைய சிஸ்டங்கள்: ஆன்டிஎக்ஸா, டெபியனா?

படிப்பகம்_பென்னாகரம்

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு, ஓசூரில் ஒரு கம்பெனி கழித்த ஐந்து சிஸ்டங்கள் கிடைத்திருக்கின்றன. நாலு மேசைக் கணினி, ஒரு குட்டி நெட்புக். மேசைக் கணினிகளில் கோர் 2 டுயோ, 2 ஜிபி ரேம். நெட்புக்கில் ஆட்டம் என்270, 1 ஜிபி. எல்லாவற்றிலும் 32 பிட் விண்டோஸ் 7. மாலையில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளும் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களும் வருவார்கள். தமிழில் டைப் செய்ய வேண்டும், பாடப்புத்தக பிடிஎஃப் திறக்க வேண்டும், விண்ணப்பம் போட வேண்டும். வேறு பெரிய தேவை இல்லை.

இரண்டு வாரமாக ஒவ்வொரு டிஸ்ட்ரோவாக, அதாவது லினக்ஸின் ஒவ்வொரு வகையாகப் பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். கடைசியில் ஆன்டிஎக்ஸ் வந்தது. டெபியன் என்ற பெரிய டிஸ்ட்ரோவின் மேல் கட்டியது, ஆனால் பூட் ஆகும்போது சர்வீஸ்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி கிடையாது. ஜன்னல்களை மட்டும் நிர்வகிக்கும் ஐஸ்டபிள்யூஎம் திரை வந்து நின்றபோது ரேமில் 190 எம்பிதான் போயிருந்தது. மூடி வைத்திருந்த நெட்புக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டது! ஐந்திலும் இதையே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பெயர் கேள்விப்படாத டிஸ்ட்ரோ என்பதற்காகவே ஒன்றை ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை_64

இருக்கிறது தம்பி. பதினான்கு வருடமாகக் கிருஷ்ணகிரியில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறேன். ஒரு மாங்கூழ் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு அறை சிஸ்டத்தில் அவர்கள் வீட்டுப் பையன் ஏதோ ஒரு சின்ன டிஸ்ட்ரோ போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஜூன் மாதம், வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, பிரிண்டர் எடை ரசீது அடிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். அந்த டிஸ்ட்ரோவின் தளமே திறக்கவில்லை. டிரைவரைத் தேடி, மென்பொருள் பேக்கேஜ்களை இறக்கும் கிடங்கான ரெப்போவுக்குப் போனால் அதுவும் இல்லை. அன்று முழுக்க ரசீதைக் கையால் எழுதினார்கள்.

சின்ன டிஸ்ட்ரோ என்றால் ஒருவர், இரண்டு பேர் தூக்கி நிறுத்துவது. கிரஞ்ச்பேங்க் என்ற டிஸ்ட்ரோவை எத்தனை பேர் உயிராக நேசித்தார்கள்! 2015 பிப்ரவரியில் அதை உருவாக்கியவர் நிறுத்திவிட்டார். ஆன்டெர்காஸ் 2019 மே மாதத்தில் நின்றது. சோலஸ் 2023 தொடக்கத்தில் தளம், மன்றம் எல்லாம் முடங்கி மாதக்கணக்கில் கிடந்தது. நாளைக்கு நீயும் வேலைக்கு வெளியூர் போவாய். அப்புறம் படிப்பகத்தில் இருப்பவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? டெபியன் 1993இலிருந்து இருக்கிறது. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தேடினால் பதில் கிடைக்கும்.

தொப்பூர்_கணவாய்

அண்ணா, நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ஆன்டெர்காஸ் நின்றபோது அதைப் போட்டிருந்த யாருடைய சிஸ்டமும் நின்றுவிடவில்லை. பேக்கேஜ்கள் பெரும்பாலும் அதன் அடித்தளமான ஆர்ச் லினக்ஸின் ரெப்போவிலிருந்து வந்துகொண்டிருந்தன, அப்டேட் தொடர்ந்து கிடைத்தது. கிரஞ்ச்பேங்குக்கும் அடியில் டெபியன்தான். பெயர்ப்பலகை போனது, கடை நடந்தது. சோலஸ் கதை வேறு. அது யார் மேலும் சாயாத தனி டிஸ்ட்ரோ, ரெப்போவும் சொந்தம். அதனால்தான் அங்கே அடி பலமாக விழுந்தது.

பெரியவர்களும் கைவிடுகிறார்களே! ரெட் ஹேட் கம்பெனியின் சென்டோஸ் 8 டிஸ்ட்ரோவுக்கு 2029 வரை ஆதரவு என்றார்கள். 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அறிவிப்பு வந்தது, 2021 இறுதியோடு முடிந்தது. இன்டெல் நடத்திய கிளியர் லினக்ஸ் 2025 ஜூலையில் நின்றது. பின்னால் பெரிய கம்பெனி இருக்கிறது என்பதை நம்பி இறங்க முடியாது. பேக்கேஜ் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ராயக்கோட்டை_64

ஊற்று டெபியன்தான், சரி. ஆனால் நடுவில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. சிஸ்டம்டி இல்லாமல் ஓட்டுவதற்காக ஆன்டிஎக்ஸ்காரர்கள் சில பேக்கேஜ்களைத் தாங்களே மாற்றிக் கட்டித் தனி ரெப்போவில் வைக்கிறார்கள். சிஸ்டத்தின் மையமான கெர்னலும் அவர்களுடையது. டெபியனில் பாதுகாப்பு ஓட்டை அடைத்தாலும், அவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பகுதி அப்படியே கிடக்கும். ஆன்டெர்காஸ் கணக்கை இங்கே போட முடியாது.

ஓசூர்_இரவுப்பணி

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். படிப்பகம் தம்பி, விண்டோஸ் 7 32 பிட் என்பதால் சிஸ்டமும் 32 பிட் என்று எடுத்துக்கொண்டாயா? கோர் 2 டுயோ எல்லாமே 64 பிட் பிராசசர். அந்தக் காலத்தில் ரேம் குறைவு என்று 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) என்று அடித்துப் பார். இரண்டாவது வரியில் 32, 64 இரண்டும் இருக்கும். நெட்புக்கில் இருக்கும் என்270 மட்டும்தான் உண்மையான 32 பிட்.

இது ஏன் முக்கியம் என்றால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. ராயக்கோட்டை அண்ணா சொல்லும் டெபியன் அந்த நாலுக்கும் தாராளமாகப் பொருந்தும். நெட்புக்குக்குப் பொருந்தாது. அதற்கு ஆன்டிஎக்ஸ் 23 மாதிரி ஒன்றுதான் வழி. அது டெபியன் 12 மேல் நிற்கிறது, 32 பிட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்ய இறக்கும் கோப்பு) உண்டு. டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை.

ஆனால் நெட்புக்கில் அதற்கும் முன்னால் பிரவுசர் கையை விரித்துவிடும். குரோம் 2016இலேயே 32 பிட் லினக்ஸை விட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 145 முதல் விட்டுவிட்டது. நீண்ட ஆதரவுள்ள 140 இஎஸ்ஆர் பதிப்புக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மொசில்லா சொல்லியிருக்கிறது. டிஸ்ட்ரோவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. விண்ணப்பம் போடும் வேலையை நெட்புக்கில் வைக்காதே, பிடிஎஃப் படிக்க மட்டும் வைத்துக்கொள்.

ஊத்தங்கரை_டீச்சர்

பிராசசர் விஷயம் எனக்கு அவ்வளவு தெரியாது. அரசுப் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறேன், பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள் என்பது தெரியும். நீங்கள் யாரும் தமிழைப் பற்றிப் பேசவே இல்லையே.

ஒரு தடவை லேபில் இருந்த பழைய சிஸ்டத்தில் மிகச் சிறிய டிஸ்ட்ரோ ஒன்றைப் போட்டேன். வேகம் அபாரம். ஒரு பெண் தமிழ்ப் பாடப் பக்கத்தைத் திறந்தாள், திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. ஐஎஸ்ஓ சிறிதாக இருக்க வேண்டும் என்று தமிழ் எழுத்துருவையே சேர்க்கவில்லை. லோகித் தமிழ், நோட்டோ எழுத்துருக்களைப் போட்டதும் பக்கம் சரியானது. அடுத்தது டைப் செய்வது. தமிழில் உள்ளிட உதவும் ஐபஸ், அதோடு விசைப்பலகை முறைகளைத் தரும் எம்17என் போட்டால் தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிப்பு முறை எல்லாம் வரும். க்னோம் மாதிரிப் பெரிய டெஸ்க்டாப்பில் அமைப்புகளுக்குள் போய்த் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஐஸ்டபிள்யூஎம் மாதிரி இடத்தில் ஐபஸ் தானாக எழாது. டெஸ்க்டாப் தொடங்கும்போது ஓடும் கோப்பில் நாமே வரி எழுதிச் சேர்க்க வேண்டும். அது தெரியாமல் மூன்று நாள் அலைந்தேன். மற்ற மென்பொருளில் தட்டினால் ஆங்கிலம் வரும், பிரவுசரில் தட்டினால் தமிழ் வரும், ஒன்றும் புரியாது.

2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கிறதா? மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியன் அடித்தளம், இந்திய மொழிகளுக்காகவே கட்டியது. அதுவும் பெயர் தெரியாத டிஸ்ட்ரோதான். ஆனால் தமிழ் முதல் நாளே வேலை செய்தது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதை ஒருமுறைகூடத் திறக்காமல், கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்து வந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதுதான் காரணம். எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

தொப்பூர்_கணவாய்

டீச்சர், நீங்கள் கடைசியில் சொன்னதுதான் என் வாதமும். சொல்லிக்கொடுக்க ஆள் எங்கிருந்து வருவார்? திறந்து பார்த்துப் பழகியவர்களிலிருந்துதானே. நான் வாய்ட் லினக்ஸில்தான் கற்றேன். அதில் சிஸ்டம்டி கிடையாது, அதன் இடத்தில் ரன்இட். பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ் என்றால் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'ரன்' என்று ஒரு ஸ்கிரிப்ட், பல நேரம் மூன்று நாலு வரிதான். அந்த ஃபோல்டருக்கு வார் சர்வீஸ் (/var/service) என்ற இடத்தில் ஒரு லிங்க் போட்டால் சில நொடியில் ஓடத் தொடங்கும். லிங்க்கை எடுத்தால் நிற்கும். சிஸ்டம் பூட் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணால் தெரிந்தது. ஹைக்கூ என்று ஒன்று இருக்கிறது, அது லினக்ஸே இல்லை. பீஓஎஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திரும்பக் கட்ட 2001இல் தொடங்கியவர்கள் இன்னும் பீட்டாவில் உழைக்கிறார்கள். கணினியை வேறு விதமாகவும் யோசிக்கலாம் என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. டெபியனை மட்டும் வைத்துவிட்டுப் போனால் பிள்ளைகள் பிரவுசரைத் தாண்ட மாட்டார்கள்.

ராயக்கோட்டை_64

கற்பதற்கு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உன் சிஸ்டத்தில் நீ வாய்ட் போடு, ஹைக்கூ போடு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், இரவு பத்து மணி, ஒரு பெண் வந்து உட்கார்கிறாள். அவளுக்கு ரன்இட் எதற்கு? அவள் முன்னால் இருக்கும் சிஸ்டம் எழுந்தாக வேண்டும், தமிழ் வந்தாக வேண்டும், புகைப்படம் ஏறியாக வேண்டும். அந்த நாற்காலியை வைத்து யாரும் பரிசோதனை செய்யக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படிப்பகம்_பென்னாகரம்

ஓசூர் அக்கா சொன்னபடி நாலிலும் எல்எஸ்சிபியு அடித்தேன். நாலும் 64 பிட்! இரண்டு வாரமாக 32 பிட் ஐஎஸ்ஓவாகவே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். எங்கள் பக்கம் கரண்ட் சொல்லாமல் போகும், யுபிஎஸ் ஒன்றுதான் இருக்கிறது. பப்பி லினக்ஸ் ரேமிலேயே ஓடுவதால் ஹார்டிஸ்க் கெடாது என்று நண்பன் சொல்கிறான். அதைப் போடலாமா?

ஓசூர்_இரவுப்பணி

ஹார்டிஸ்க்குக்கு நல்லது, பிள்ளைகளுக்குக் கஷ்டம். பென்டிரைவிலிருந்து பப்பியை ஓட்டினால், செய்த மாற்றங்கள் முதலில் ரேமில்தான் இருக்கும். குறிப்பிட்ட இடைவெளியிலோ, அணைக்கும்போதோதான் சேமிப்புக் கோப்பில் இறங்கும். நடுவில் கரண்ட் போனால் அந்த இடைவெளியில் டைப் செய்தது போயிற்று. அதோடு பப்பி இயல்பாகவே எதையும் மாற்றும் அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓடுகிறது. பலர் வந்து போகும் இடத்துக்கு அது வேண்டாம். பழைய ஹார்டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்க பப்பி மாதிரி ஒன்று கிடையாது, ஒரு பென்டிரைவில் எப்போதும் வைத்திரு.

எதை இறக்கினாலும், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போடு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். சரிபார்ப்பு எண்ணும் அதே தளத்தில்தான் இருக்கும் என்பதால் டிஸ்ட்ரோக்காரர்களின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ராயக்கோட்டை_64

கரண்ட் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மெயின் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டதும் தேதி 2008, 2009 என்று காட்டுகிறதா பார். மதர்போர்டில் தேதியைக் காக்கும் சீமாஸ் பேட்டரி செத்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எல்லாத் தளத்தையும் "பாதுகாப்பற்றது" என்று தள்ளிவிடும், டெபியனில் பேக்கேஜ் இறக்கும் ஆப்ட்டும் அப்டேட் செய்ய மறுக்கும். நீ டிஸ்ட்ரோவைத் திட்டுவாய்.

படிப்பகம்_பென்னாகரம்

மூன்றில் 2009 ஜனவரி 1 காட்டுகிறது அண்ணா. நேற்று ஆன்டிஎக்ஸில் அப்டேட் ஆகாததற்கு இதுதான் காரணம் போல.

இப்படிச் செய்யப் போகிறேன். மூன்று மேசைக் கணினியில் டெபியன் 13, எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப், தமிழ்99. இந்த மூன்றும் விண்ணப்பத்துக்கும் படிப்புக்கும். நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ், பிடிஎஃப் படிக்க மட்டும். நாலாவது மேசைக் கணினி சனி, ஞாயிறு மட்டும் திறக்கும். அதில் வாய்ட், ஹைக்கூ, பிள்ளைகள் கேட்கும் எதையும் போட்டுப் பார்க்கலாம். தொப்பூர் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ரன்இட் காட்ட முடியுமா?

தொப்பூர்_கணவாய்

வருகிறேன். ஆனால் நாலாவது சிஸ்டம் மூலையில் கிடக்கக் கூடாது, வாசலைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஊத்தங்கரை_டீச்சர்

ஐபஸ் தொடங்கும் வரிகளை நாளை இங்கே போடுகிறேன். நெட்புக்கில் முதலில் எழுத்துரு போடுங்கள், மறக்காதீர்கள்.

ராயக்கோட்டை_64

நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ் எனக்கு இன்னும் சம்மதமில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. சீமாஸுக்கு சிஆர்2032 பேட்டரி ஐந்து வாங்கி வை. பழையதை எடுக்கும்போது கிளிப்பை நகத்தால் தள்ளு, ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதே. அந்தக் காலத்து போர்டில் கிளிப் சட்டென்று உடையும்.