மறு: பாராமெடிக் என்பதற்குத் தமிழ்ச்சொல்: 'உய்ப்பாளர்' சரிவருமா?

வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். ஆம்புலன்சில் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். அதனால் பாராமெடிக், அதாவது ஆம்புலன்சில் வந்து மருத்துவமனை சேரும்வரை சிகிச்சை தருபவர், என்பதற்கான தமிழ்ச்சொல் எனக்கு அன்றாடம் தேவைப்படுகிறது.

> 'மருத்துவ உதவியாளர்' எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. உதவியாளர் என்றால் யாருக்கு உதவி? வண்டிக்குள் டாக்டர் இல்லை. என்னிடம் படித்த பெண் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். நெஞ்சுவலி என்று அழைப்பு வந்து போயிருக்கிறார். பெரியவரைச் சாய்த்து உட்காரவைத்து, மார்பில் ஈசிஜி பட்டைகளை ஒட்டிக்கொண்டிருக்கும்போது மகன் கேட்டாராம், "நீங்க டாக்டரா?" "இல்லைங்க, மருத்துவ உதவியாளர்." "அப்ப டாக்டர் எப்ப வருவாரு?" சொல்லிவிட்டு, அப்பாவைத் தன் காரிலேயே கொண்டுபோகிறேன் என்று கையைப் பிடித்து எழுப்பப் பார்த்திருக்கிறார். தாளில் மாரடைப்பு தெளிவாக விழுந்திருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் வசதி எங்கே இருக்கிறதோ அங்கே முன்கூட்டியே தகவல் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் தான் யார் என்று விளக்குவதிலேயே இவருக்கு நிமிடங்கள் போயின.

ஜெர்மனியில் இதே சிக்கல் இருந்தது. அங்கே 1989 சட்டப்படி இந்தப் பணிக்கு 'ரெட்டுங்ஸ்அசிஸ்டென்ட்' என்று பெயர், அதாவது மீட்பு உதவியாளர். பயிற்சி 2 ஆண்டு. 2014இல் புதிய சட்டம் வந்தது, பயிற்சி 3 ஆண்டானது, பெயரும் 'நோட்ஃபால்சானிட்டேட்டர்' என்று மாறியது. உதவியாளர் என்ற பகுதியையே எடுத்துவிட்டார்கள். டாக்டரும் சம்பவ இடத்துக்கு வருகிற நாடு அது, அங்கேயே அப்படி.

'துணை மருத்துவர்' பற்றிச் சுருக்கமாக: ஆய்வகம், எக்ஸ்ரே, இயன்முறை என்று ஒரு பெரிய கூட்டத்துக்கே 'துணை மருத்துவப் பணியாளர்' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. பாராமெடிக்கல் வேறு, பாராமெடிக் வேறு. 'மீட்பர்' வேண்டாம், அது கிறித்தவ வழக்கில் நிலைத்துவிட்ட சொல். 'மீட்புப் பணியாளர்' நசுங்கிய காரை வெட்டி ஆளை வெளியே எடுப்பவர், அவர் வேலை முடிகிற இடத்தில்தான் இவர் வேலை தொடங்குகிறது. 'களப் பண்டுவர்' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பண்டுவம் (சிகிச்சை) எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் பண்டுவர் என்றால் மருத்துவரே என்று எடுத்துக்கொள்கிறவர்கள் பலர் உண்டு. இல்லாத தகுதியை ஏற்றிச் சொல்வதும் பிழைதானே.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். 'உய்' என்ற வேரைப் பாருங்கள். உய்தல் என்றால் பிழைத்தல்; குறள் 110இல் 'உய்வுண்டாம்' என்று வருவது அது. உய்த்தல் என்றால் கொண்டு செலுத்துதல். குறள் 422இல் 'நன்றின்பால் உய்ப்பது அறிவு' என்பது அது. கொண்டுசேர்ப்பதும் பிழைக்கவைப்பதும் ஒரே வேரில் இருக்கின்றன. போதாததற்கு 'உய்த்துணர்தல்' வேறு இருக்கிறது. வெளிறிய தோலையும் வேகமான மூச்சையும் வைத்து உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம் என்று அனுமானிப்பது இவர்கள் வேலையில் பாதி.

இந்தத் தொழிலின் வரலாறும் அந்த வேரைப்போலத்தான். பிட்ஸ்பர்க் நகரில் 1967 வரை நோயாளியைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவையில், டாக்டர் பீட்டர் சாஃபர் வகுத்த பாடத்திட்டப்படி கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வெறும் ஏற்றிச்செல்லலாக இருந்தது வழியிலேயே சிகிச்சை என்றானது. அதை நினைத்தால் இந்த வேர்மேல் எனக்கு இன்னும் பிடிப்பு வருகிறது.

> 'உய்நர்' என்று சுருக்கமாக வைக்கலாமே?

முடியாது. வாழ்நர் என்றால் வாழ்பவர், அதுபோல உய்நர் என்றால் பிழைத்தவர். அது நோயாளிக்குப் பொருந்தும். செய்கிறவருக்கு உய்ப்பு + ஆளர், உய்ப்பாளர். படைப்பாளர், அமைப்பாளர் போல.

அப்புறம் படிநிலைகள். எனக்கு இதுதான் முக்கியம். அமெரிக்க முறையில் நான்கு படிகள். முதல் படியினர் நெஞ்சை அழுத்துவார்கள் (நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை), ரத்தப்போக்கை நிறுத்துவார்கள். இரண்டாவது இஎம்டி (அவசர மருத்துவத் தொழில்நுட்பர்), பொதுவாக 150 மணி அளவில் தொடங்கும் பயிற்சி. ஆக்சிஜன், கையால் அழுத்தி மூச்சு செலுத்தும் பை-முகமூடி, எலும்பு முறிவுக்குக் கட்டு. மூன்றாம் படியினர் ரத்தநாளத்தில் ஊசிக்குழாய் ஏற்றுவார்கள், சில மருந்துகள் கொடுப்பார்கள். நான்காவது பாராமெடிக், 1,000 மணியைத் தாண்டும் படிப்பு. ஈசிஜி படித்து முடிவெடுப்பது, மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது, இதய மருந்துகள். பிரிட்டனில் பதிவு பெறாதவர் பாராமெடிக் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம். நான்காம் படிக்கு மேலும் ஹெலிகாப்டர் பணி, அழைப்பு மையம், பயிற்றுநர் என்று வழிகள் பிரிகின்றன.

இத்தனைக்கும் தொடர்பில்லாத ஐந்தாறு பெயர்கள் இருந்தால், ஸ்ட்ரெச்சர் தூக்கித் தூக்கி முதுகுவலி வந்து நிற்கும் இளைஞருக்கு மேலே படி இருப்பதே தெரியாது. நல்ல கைகள் அப்படி வேலையை விட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன், மனம் ஆறவில்லை. ஒரே வேர் இருக்கட்டும். முதல் படிக்கு 'முதலுதவுநர்' போதும், அங்கே உதவி என்பது பொருந்துகிறது. பிறகு உய்ப்பாளர், மேல்நிலை உய்ப்பாளர், தலைமை உய்ப்பாளர். 'முதுநிலை' என்று போட்டுப் பார்த்தேன், பட்டமேற்படிப்பு என்று குழம்புகிறார்கள்.

பழஞ்சொல், மக்களுக்குப் புரியாது என்று சொல்வீர்கள். செவிலி என்றால் சங்கப் பாடல்களில் வளர்ப்புத் தாய். இன்று செவிலியர் என்றால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை.

ஒரே ஒரு தயக்கம் பாக்கி. 'தலைமை' என்றால் நிர்வாகப் பதவிபோல ஒலிக்கிறது. நான்காம் படி என்பது திறனைக் குறிக்க வேண்டும். அடுத்த அணிக்கான கையேட்டை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த முன்னொட்டுக்கு மட்டும் நல்ல மாற்று சொல்லுங்கள்.