மறு: 'நேட்டிவிட்டி'க்குத் தமிழ்ச்சொல்: மண்பொருத்தம்

வணக்கம்.

> 'மண்வாசனை' ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

மண்வாசனை வேறு, ரீமேக் எடுப்பவர்கள் 'நேட்டிவிட்டிக்காக (உள்ளூர் ரசிகருக்கு ஒட்டும்படி) மாற்றினோம்' என்பது வேறு. 'பாபநாசம்' (2015) படத்தின் நெல்லைப் பேச்சு மண்வாசனை. எல்லோரையும் பொதுத்தமிழில் பேச வைத்தாலும் அதன் மலையாள மூலமான 'த்ருஷ்யம்' (2013) கதை குலையாமல் நிற்கும். கேபிள் டிவி நடத்துபவரும், அவர் விடாமல் பார்க்கும் சினிமாக்களும், கட்டிக்கொண்டிருக்கும் காவல் நிலையமும் எந்த ஊரிலும் உண்டு. மாற்றாவிட்டால் கதையே படுத்துவிடும் என்ற இடத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தையும் அதன் மறுஆக்கங்களையும் பாருங்கள். ஃபாசில் இயக்கிய மூலத்தில் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து வந்து அந்த வீட்டில் முன்னொரு காலத்தில் கொல்லப்பட்ட நடனக்காரி. அதுவரை மலையாளம் பேசிக்கொண்டிருந்த கதாநாயகி கங்கா, தன்னையே நாகவல்லியாக நினைத்து திடீரென்று தமிழில் சீறும்போதுதான் கேரள ரசிகருக்குச் சில்லிடுகிறது. அதை அப்படியே தமிழில் எடுத்தால் என்ன ஆகும்? எல்லோரும் தமிழ் பேசும் வீட்டில் நாகவல்லியும் தமிழ் பேசுவாள், திடுக்கிடல் போயிற்று. பி. வாசு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) எடுத்தபோதே நாகவல்லியைத் தெலுங்கு பேச வைத்துவிட்டார். 'சந்திரமுகி'யிலும் (2005) தெலுங்குதான். பிரியதர்ஷனின் இந்தி 'பூல் புலையா'வில் (2007) நாகவல்லியின் இடத்தில் வரும் மஞ்சுளிகா வங்காளி.

மொழியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. காதில் விழுந்ததும் இன்ன மொழி என்று தெரியவேண்டும். பாதி புரியவேண்டும், பாதி நழுவவேண்டும். ஆட்டத்தோடு அந்த மொழிக்கு உறவும் இருக்கவேண்டும். பரதநாட்டிய மேடையில் கவிஞர் க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களுக்கு (காதல் பாட்டுகளுக்கு) அபிநயம் பிடிப்பது நமக்குப் பழகியது. அதனால் சந்திரமுகி தெலுங்கில் பாடுவது வலிந்து செய்ததாகப் படுவதில்லை. இந்திக்குக் கைகொடுத்த வங்காளத்தை இங்கே வைத்திருந்தால் வெறும் புரியாத பேச்சாகப் போயிருக்கும்.

இதை 'உள்ளூர்மயமாக்கல்' என்று சொல்லமுடியாது. தேதி, நாணயம், மெனு மாற்றும் மென்பொருள் வேலைக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. அதைவிட முக்கியம், இங்கே நடந்தது நேர் எதிர்: தமிழ்ப் பெண்ணை எடுத்துவிட்டு வேற்றுமொழிக்காரியை வைத்ததால்தான் கதை தமிழ் மண்ணில் பொருந்தியது.

ஆகவே என் பரிந்துரை: மண்பொருத்தம். 'இந்தக் காட்சி மண்பொருந்தவில்லை' என்று வினையாகவும் வரும்.

———

ஐயா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயம். மண் + குடம் = மட்குடம், மண் + பாண்டம் = மட்பாண்டம். நன்னூல் வழியில் போனால் 'மட்பொருத்தம்' என்றல்லவா வரவேண்டும்?

அடுத்தது இதைவிடப் பெரிது. மூலத்தில் மோகன்லால் உள்ளே வருவதற்குள் ஏறக்குறைய பாதிப் படம் போய்விடுகிறது. அதற்குள் மாடம்பள்ளி வீடும், பூட்டிய தெக்கினியும் (வீட்டின் தெற்குக் கட்டு), யார் செய்கிறார்கள் என்ற சந்தேகமும் மனதில் ஊறிவிடும். 'சந்திரமுகி'யில் ரஜினி தொடக்கத்திலேயே சண்டை, பாட்டு என்று வந்துவிடுகிறார். ஃபாசில் வீட்டைக் காட்டிப் பயத்தை வளர்த்தார். வாசு, 'இவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்' என்ற தெம்பை முதலில் கொடுத்துவிட்டுத்தான் பயமுறுத்தப் பார்க்கிறார். இதையும் 'நேட்டிவிட்டி' கணக்கில்தான் எழுதுகிறார்கள். ஆனால் இது மண்ணுக்காகச் செய்ததல்ல, நடிகருக்காகச் செய்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் விமர்சனம் எழுதுபவருக்கு என்ன பயன்?

இதற்கு 'நட்சத்திரப் பொருத்தம்' என்று வைக்கமுடியாது, அது ஜாதகம் பார்ப்பவர்கள் சொல். 'நாயகப் பொருத்தம்' சரிவருமா?

———

அம்மா, வணக்கம்.

'நாயகப் பொருத்தம்' நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்வோம். புணர்ச்சியைப் பொறுத்தவரை மண்புழு, மண்பானை, மண்சட்டி எல்லாம் திரியாமலே வழங்குகின்றன. 'மட்பொருத்தம்' என்றால் படிப்பவருக்கு மண் கண்ணிலேயே படாது. இயல்பாகவே விடலாம்.

உங்கள் பிரிவினையை ஓரிடத்தில் உரசிப் பார்த்தேன். மூலத்தில் அந்த வீடு கங்காவின் கணவன் நகுலனின் பரம்பரை வீடு. நாகவல்லியைக் கொன்ற காரணவர் (குடும்பத் தலைவர்) அந்தக் குடும்பத்து ஆள்; கங்காவின் வெறி அந்த வழியில் வந்த கணவன்மேல் திரும்புவது அதனால்தான். தறவாடு (கூட்டுக்குடும்பப் பரம்பரை வீடு), காரணவர் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லாததால் 'சந்திரமுகி'யில் அந்தக் காரணவர் வேட்டையன் என்ற ராஜா ஆனார், வீடு அரண்மனை ஆனது. இதுவரை மண்பொருத்தம். ஆனால் அதில் கணவனான செந்தில்நாதன் அந்த அரண்மனையை விலைக்கு வாங்குகிறான். அவனுக்கும் வேட்டையனுக்கும் ரத்த உறவு அறுந்தது. முடிவில் வேட்டையனாக நிற்பவரும் கணவன் அல்ல, ரஜினி. இது முழுக்க நாயகப் பொருத்தம். 'லக லக' என்று அரங்கு அதிர்ந்தது உண்மை. கணவனும் மனைவியும் எதிரெதிரே நின்ற அந்த வலி காணாமல் போனதும் உண்மை. இரண்டு சொல் இருப்பதால்தான் இதைப் பிரித்து எழுத முடிகிறது.

பதிவுக்கு இப்படி வைக்கலாமா?

மண்பொருத்தம்: மறுஆக்கத்தில், மூலக்கதையின் ஓர் உறுப்பு செய்த அதே வேலையை வேறு நிலத்துப் பார்வையாளரிடமும் செய்யும்படி அதை மாற்றி அமைத்தல்.

நாயகப் பொருத்தம்: நடிப்பவரின் செல்வாக்குக்கு ஏற்பக் கதையை மாற்றுதல்.

'மாற்றி அமைத்தல்' என்பதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.